தீர்ப்புக்கு முன் ஒரு வீடு

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் விவாகரத்தானவர்கள் என்று பதிவானவர்கள் ஏறத்தாழ 13.6 லட்சம் பேர். பிரிந்து வாழ்பவர்கள் என்று பதிவானவர்கள் ஏறத்தாழ 35 லட்சம் பேர். இந்தக் கணக்கை ஆராய்ந்து 2016இல் எழுதிய சூரஜ் ஜேக்கப், ஸ்ரீபர்ணா சட்டோபாத்யாய் இருவரும், மணமானவர்களில் 0.24 விழுக்காட்டினர் விவாகரத்தானவர்கள், 0.61 விழுக்காட்டினர் பிரிந்து வாழ்பவர்கள் என்று காட்டினார்கள். நீதிமன்றத் தீர்ப்போடு மணவாழ்க்கையை முடித்துக்கொண்டவர்களைப் போல இரண்டரை மடங்கு மக்கள் தீர்ப்பில்லாமலே விலகி வாழ்கிறார்கள். இரண்டு வகையிலும் பெண்களே அதிகம்.

இத்தனை பேரும் எங்கோ குடியிருந்தாக வேண்டும். பிறந்த வீட்டுக்குத் திரும்பியவர்கள் உண்டு. அண்ணன் குடும்பமும் இருக்கிற வீட்டில் அது எத்தனை நாள் செல்லும் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. வாடகைக்குப் போனால், "வீட்டுக்காரர் என்ன பண்றார், எப்ப வருவார்?" என்பதே முதல் கேள்வி. தனியாக வருகிற பெண்ணுக்கு வீடு தரவே தயங்குகிறவர்கள் பலர். பிள்ளையின் பள்ளியை விட்டுத் தூரம் போக முடியாது. மனைவியைப் பிரிந்த ஆணுக்கும் வயதான அம்மா அப்பாவை வைத்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும். வழக்கு வாய்தாவுக்கு மேல் வாய்தாவாக நீள்கிறது. மனமொத்த விவாகரத்துக்குக்கூட, ஓராண்டு பிரிந்திருந்த பிறகுதான் மனுப் போட முடியும். போட்ட பிறகு ஆறு மாதக் காத்திருப்பு. தக்க காரணம் இருந்தால் அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் தீர்ப்பு வருவதற்கு முன் இருவரில் ஒருவர் மனம் மாறி ஒப்புதலைத் திரும்பப் பெறலாம் என்பது 1991இலிருந்தே உள்ள நிலை. அப்படி நடந்தால் மறுபடியும் தொடக்கத்திலிருந்து.

ஆகவே தீர்ப்பு வரட்டும் என்று காத்திராமல் சேமிப்பைத் திரட்டி, கடன் வாங்கி, வீடு வாங்குகிறார்கள். அதில் தவறில்லை; சட்டமும் தடுக்கவில்லை. ஆனால் இந்து மணச் சட்டப்படி மணந்தவர்களைப் பொறுத்தவரை, சொத்துச் சட்டத்தில் 'பிரிவு' என்று ஒரு நிலையே இல்லை. தீர்ப்புக்கு முந்தைய நாள் வரை, பத்தாண்டு முகம் பார்க்காதவர்களும் முழுக் கணவன், முழு மனைவி. வீட்டை வாங்கியவர் உயிரோடு இருக்கும்வரை இதனால் வரும் இடைஞ்சல்கள் சமாளிக்கக்கூடியவை. அவர் தீர்ப்புக்கு முன் இறந்துபோனால்தான் இந்த ஓட்டையின் முழு ஆழமும் தெரியும்.

உயிரோடு இருக்கும்போது உள்ள நிலையை முதலில் பார்ப்போம். கோவா நீங்கலாக, இந்தியாவில் இந்துக்களுக்கு 'மணவாழ்க்கைச் சொத்து' என்று தனி வகை கிடையாது. கணவன் சம்பாதித்து வாங்கியது கணவனுடையது, மனைவி சம்பாதித்து வாங்கியது மனைவியுடையது. கிரையப் பத்திரத்தில் யார் பெயரோ அவரே உரிமையாளர் என்பது தொடக்க நிலை. 1955ஆம் ஆண்டு இந்து மணச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, திருமணத்தின்போதோ அதையொட்டியோ இருவருக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்ட பொருள்களைப் பற்றித் தீர்ப்பில் ஏற்பாடு செய்ய நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. பல ஆண்டு கழித்து ஒருவர் தனியாக வாங்கிய வீட்டை அந்தப் பிரிவுக்குள் கொண்டுவர முடியாது. எனவே பிரிந்திருக்கும் மனைவி தன் சம்பளத்தில் ஃபிளாட் வாங்கினால், விவாகரத்தின்போது கணவன் அதில் பாதி கேட்க முடியாது. கணவன் வாங்கினால் மனைவியும் கேட்க முடியாது. பத்திரம் எழுத அடுத்தவர் கையெழுத்தும் வேண்டாம். 'க/பெ' போடுவதா 'த/பெ' போடுவதா என்று ஆவண எழுத்தரிடம் மன்றாடும் பெண்கள் உண்டு. அப்பா பெயரையே போட்டுக்கொள்ளலாம். ஆனால் எந்தப் பெயரைப் போட்டாலும் அவருடைய சட்ட நிலை மாறாது என்பதை அறிந்து போட வேண்டும்.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. சிக்கல் பணத்தின் தடத்தில் தொடங்குகிறது. பினாமிச் சட்டம் 2016இல் திருத்தப்பட்டபோது, ஒருவர் தமது கணக்கில் காட்டக்கூடிய வருமானத்திலிருந்து வாழ்க்கைத் துணையின் பெயரிலோ பிள்ளையின் பெயரிலோ வாங்கும் சொத்துக்கு விலக்கு அளிக்கப்பட்டது. அதனால், "பத்திரம் அவள் பெயரில் இருந்தாலும் பணம் என்னுடையது, சொத்தும் என்னுடையது" என்று கணவன் வழக்குப் போட வாசல் திறந்தே இருக்கிறது. கணவனும் மனைவியுமாக இன்னும் சட்டத்தில் நிற்பவர்களுக்கு இந்த வாசல் பொருந்தும். முன்பு இருவர் பெயரில் இருந்த வங்கிக் கணக்கிலிருந்து அட்வான்ஸ் கொடுத்திருந்தால், அந்த வழக்குக்கு முதல் சான்று அதுவே. ஆகவே பிரிந்த பிறகு தொடங்கிய தனிக் கணக்கு, அதில் விழும் சம்பளம், அதிலிருந்து விற்பவருக்குப் போகும் தொகை என்று முழுத் தடமும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். நகையை விற்றோ அடகு வைத்தோ பணம் திரட்டினால் அந்த ரசீதுகளையும் பத்திரத்தோடு வைக்க வேண்டும். சீதன நகை மனைவிக்கே முழு உரிமையானது என்று 1985இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் நகை எந்தக் கடையில், என்ன விலைக்குப் போனது என்பதை நீதிமன்றம் யூகித்துக்கொள்ளாது. அப்பா பணம் கொடுத்தால் கொடுத்தார் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குவதை நம் வீடுகளில் அவமானமாக நினைக்கிறார்கள். அந்தத் தாள் இல்லாததால் இழுபடும் வழக்குகள்தான் உண்மையில் அவமானத்தைக் கொண்டுவருகின்றன.

பழைய வீட்டுக்கடன் இன்னொரு முட்டுக்கட்டை. இருவரும் சேர்ந்து வாங்கிய கடனில், 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 43ஆம் பிரிவுப்படி, முழுத் தொகையையும் யாரிடமிருந்து வேண்டுமானாலும் வங்கி கேட்கலாம். வீட்டை விட்டு வெளியேறிய மனைவி, "அங்கே அவர்தானே இருக்கிறார், அவர் கட்டட்டும்" என்று நினைத்துக்கொண்டிருப்பார். கணவன் மூன்று தவணை கட்டாமல் விட்டால் மனைவியின் சிபில் மதிப்பெண்ணும் சேர்ந்தே சரியும். புதிய கடனுக்குப் போகும்போது பழைய இ.எம்.ஐ. முழுவதும் மனைவியின் சுமையாகவே கணக்கில் வரும். வீட்டுத் தவணையை இனி கணவரே கட்ட வேண்டும் என்று குடும்ப நீதிமன்றமே எழுதினாலும், அந்த வழக்கில் கட்சிக்காரராக இல்லாத வங்கியை அது கட்டுப்படுத்தாது. ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 விழுக்காடு வரைதான் வங்கி தரலாம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை 80 விழுக்காடு. அதற்கு மேல் 75 விழுக்காடு. மீதியும் பத்திரச் செலவும் கையிலிருந்து வர வேண்டும். தமிழ்நாட்டில் முத்திரைக் கட்டணம் 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. 2025 ஏப்ரல் முதல் பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறையும், சொத்து மதிப்பு 10 லட்சத்துக்குள் இருந்தால் மட்டும். சென்னையிலோ கோவையிலோ ஃபிளாட் தேடும் பெண்ணுக்கு அந்த வரம்பு உதவாது.

கட்டணத்தில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பழைய வீட்டில் உள்ள தன் பாகத்தை ஒருவர் மற்றவருக்கு எழுதிக்கொடுத்துக் கணக்கை முடிப்பது வழக்கம். குடும்ப உறுப்பினர்களுக்கிடையே எழுதும் செட்டில்மெண்ட்டுக்குத் தமிழ்நாட்டில் முத்திரைக் கட்டணம் 1 விழுக்காடுதான். அதற்கும் 40,000 ரூபாய் உச்சவரம்பு. கணவனும் மனைவியும் அந்தக் குடும்பப் பட்டியலில் இருக்கிறார்கள், மணவாழ்க்கை சட்டத்தில் நீடிக்கும்வரை. தீர்ப்புக்குப் பின் எழுதப் போனால் அந்தச் சலுகையைக் கேட்க இடமில்லாமல் போகும். பழைய வீட்டின் கணக்கைத் தீர்ப்புக்கு முன்பே முடித்துவிடுவது, புதிய கடனுக்கும் வழிவிடும், செலவையும் குறைக்கும். வங்கியில் அடமானம் இருந்தால் அதன் ஒப்புதல் வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

பிரிந்திருக்கும்போது வீடு வாங்குகிற கணவர்கள் சிலர் ஒரு கணக்குப் போடுகிறார்கள்: சம்பளத்தில் பாதி இ.எம்.ஐ.யில் போய்விட்டால் ஜீவனாம்சம் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது. இந்தக் கணக்கு பலிப்பதில்லை. ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் 2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம், ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பினரும் வருமானம், சொத்து, கடன் அனைத்தையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று நாடு முழுவதற்கும் உத்தரவிட்டது. புதிய வீடும் புதிய கடனும் அதில் வந்தே தீரும். தன் விருப்பத்தில் ஏற்றுக்கொண்ட கடன் தவணையைக் காட்டிப் பராமரிப்புத் தொகையைக் குறைக்கச் சொன்னால் நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை. இந்து மணச் சட்டத்தின் 25ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. நிரந்தர ஜீவனாம்சத்துக்குப் பிணையாக, கொடுக்க வேண்டியவரின் அசையாச் சொத்தின்மீதே பொறுப்பை ஏற்றலாம் என்கிறது. அந்தப் பிரிவு ஆண், பெண் என்று பார்ப்பதில்லை. அதிகம் சம்பாதிக்கும் மனைவி வாங்கிய வீட்டுக்கும் அது பொருந்தும். வீட்டை மறைப்பவருக்கு நீதிமன்றத்தின் நம்பிக்கையும் போய்விடும். குடும்ப வழக்கில் அதை இழந்தவர் மற்றதையும் இழப்பார்.

குடியிருக்கும் உரிமை வேறு ஒரு கேள்வி. 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், கணவனோடு வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து இருக்க மனைவிக்கு உரிமை தருகிறது. அந்த வீடு கணவன் பெயரில் இருக்க வேண்டியதில்லை, மாமனார் பெயரில் இருந்தாலும் உரிமை உண்டு என்று 2020 அக்டோபரில் மூன்று நீதிபதிகள் அமர்வு சொன்னது. 2006இல் வந்த எதிர்மாறான தீர்ப்பு அதோடு செல்லாமல் போனது. ஆனால் அதே தீர்ப்பு, வந்து போய்த் தங்கியதெல்லாம் போதாது, நிலைத்து வாழும் நோக்கம் தெரிய வேண்டும் என்றும் சொல்கிறது. எனவே பிரிந்த பிறகு கணவன் புதிதாக வாங்கி, மனைவி ஒருபோதும் குடியேறாத வீட்டுக்குப் பொதுவாக அந்த உரிமை நீளாது. மாற்றுக் குடியிருப்போ வாடகையோ கேட்க மட்டும் அவருக்கு வழி உண்டு. பெரியவர்கள் பேசிச் சேர்த்துவைக்க, இருவரும் புது வீட்டில் சில காலம் ஒன்றாக இருந்து மறுபடி பிரிந்தால் நிலை மாறிவிடும். சேர்ந்து வாழும் முயற்சியைத் தடுக்க இதைச் சொல்லவில்லை. அது நடப்பது நல்லதே. அதற்குமுன் வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது என்பதற்காகச் சொல்கிறேன்.

இத்தனையும் சமாளிக்கக்கூடியவை. இனி வருவதைத்தான் பிரிந்து வாழ்பவர்களில் பெரும்பாலோர் அறியாமலிருக்கிறார்கள்.

1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி, உயில் எழுதாமல் ஓர் ஆண் இறந்தால், மனைவியும் பிள்ளைகளும் தாயும் முதல் வகுப்பு வாரிசுகள். எல்லோருக்கும் சம பங்கு. பிரிந்த மனைவிக்கும் பங்கு உண்டு. மகனோடு குடியிருந்த தாய்க்கும் உண்டு. ஒரு பெண் உயில் எழுதாமல் இறந்தால் வேறு வரிசை. 15ஆம் பிரிவு அதைச் சொல்கிறது: முதலில் மகன்கள், மகள்கள், கணவன். அவர்கள் இல்லையென்றால் கணவனின் வாரிசுகள். அவர்களும் இல்லாதபோதுதான் பெண்ணின் தாயும் தந்தையும்.

இதைப் பிரிந்து வாழும் ஒரு பெண்ணின் வாழ்வில் வைத்துப் பாருங்கள். மணமாகி இரண்டாண்டில் வெளியேறினார், குழந்தை இல்லை. விவாகரத்து வழக்கு நடக்கிறது. அம்மாவைத் தன்னோடு வைத்துக்கொள்ள ஒரு ஃபிளாட் வாங்கினார். ஓய்வூதியக் காசில் அப்பா சேர்த்துவைத்ததும் அதில் போனது. தீர்ப்புக்கு ஒரு மாதம் முன்பு விபத்தில் இறந்துவிடுகிறார். அந்த வீடு முழுவதும், யாரிடமிருந்து தப்பிக்க வழக்குப் போட்டாரோ அந்தக் கணவனுக்குப் போகும். அம்மாவுக்கு ஒரு செங்கல்கூடக் கிடையாது. பெற்றோரிடமிருந்து வாரிசாக வந்த சொத்து, பிள்ளை இல்லாத நிலையில் தந்தையின் வாரிசுகளுக்கே திரும்பும் என்று அதே பிரிவில் ஒரு விலக்கு உண்டு. ஆனால் அது வாரிசு வழியாக வந்த சொத்துக்கு மட்டும். அப்பா கையில் கொடுத்த பணத்தால் மகள் வாங்கிய வீடு அந்த விலக்கில் வராது. இது நான் கற்பனை செய்த ஒருவரின் கதை. ஆனால் நீதிமன்றம் இதைவிடக் கொடியதைக் கண்டிருக்கிறது.

1955இல் மணமாகி, மூன்று மாதத்தில் கணவனை இழந்து, புகுந்த வீட்டாரால் துரத்தப்பட்ட ஒரு பெண், பெற்றோர் படிக்க வைத்து வேலைக்குப் போனார். நாற்பதாண்டுக்கும் மேலாகப் புகுந்த வீட்டோடு எந்தத் தொடர்பும் இல்லை. 1996இல் உயில் எழுதாமல் இறந்தார். வங்கிச் சேமிப்பு, வருங்கால வைப்புநிதி, சொத்து எல்லாம் அவர் உழைத்துச் சேர்த்தவை. தாய் கேட்டார்; கணவனின் சகோதரி மகன்களும் கேட்டார்கள். 2009இல் உச்ச நீதிமன்றம், சட்டத்தின் சொல் தெளிவாக இருக்கும்போது இரக்கத்தை வைத்துத் தீர்ப்பளிக்க முடியாது என்று கூறி, கணவன் பக்கத்துக்கே கொடுத்தது. அதற்கு முந்தைய ஆண்டே, 2008இல், சட்ட ஆணையம் தன் 207ஆவது அறிக்கையில், பெண் தானே சம்பாதித்த சொத்தில் பிறந்த வீட்டாருக்கும் பங்கு கிடைக்கும்படி 15ஆம் பிரிவைத் திருத்தப் பரிந்துரைத்திருந்தது. திருத்தம் வரவில்லை. 2025 நவம்பரில், இந்தப் பிரிவை எதிர்த்த மனுவை விசாரித்த உச்ச நீதிமன்றம், பிற்கால வழக்குகளைத் தவிர்க்க இந்துப் பெண்கள் எல்லோரும் உயில் எழுதிவைக்க வேண்டும் என்று வேண்டுகோள் விடுத்தது. சட்டத்தைத் திருத்த வேண்டிய நாடாளுமன்றம் பேசாமல் இருக்க, சட்டத்திலிருந்து தப்பும் வழியை நீதிமன்றம் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிரிந்தவர் நிலையைச் சட்டத்தில் எழுதவே முடியாதா? முடியும். எழுதியிருக்கிறார்கள், அதுவும் இந்தியாவிலேயே, 150 ஆண்டுக்கு முன்பு.

இங்கிலாந்தில் கரோலின் நார்ட்டன் என்ற எழுத்தாளர் 1836இல் கணவனைப் பிரிந்தார். அன்றைய ஆங்கிலச் சட்டப்படி மணமான பெண்ணின் சம்பாத்தியம் கணவனுடையது. கணவனோடு வாழாத நிலையிலும், தன் நூல்களுக்கு வந்த வருவாய் கணவனுக்கே உரியது என்ற நிலையை அவர் எதிர்கொண்டார். 1850களில் அவர் எழுதிய சிறு நூல்கள் நாடாளுமன்றத்தின் காதுக்கு எட்டின. 1857ஆம் ஆண்டு மணவழக்குச் சட்டத்தில், கைவிடப்பட்ட மனைவி பிறகு சம்பாதித்ததைக் காக்கும் உத்தரவுக்கு வழிசெய்யப்பட்டது. மணம் முறியாமலே நீதிமன்ற உத்தரவின்பேரில் பிரிந்து வாழ்வது நீதிமன்றப் பிரிவினை. அதைப் பெற்ற மனைவி, அதற்குப் பின் தேடும் சொத்தைப் பொறுத்தவரை மணமாகாதவராகவே கருதப்படுவார் என்றும் எழுதப்பட்டது.

அந்த ஏற்பாடு கப்பலேறி இங்கே வந்தது. கிறித்தவர்களுக்கான 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, நீதிமன்றப் பிரிவினை பெற்ற மனைவி அன்று முதல் தேடும் எந்தச் சொத்துக்கும் மணமாகாத பெண்ணைப் போலவே உரியவர் என்கிறது. உயில் எழுதாமல் இறந்தால், கணவன் அப்போது இறந்துவிட்டதாக வைத்துக்கொண்டு யாருக்குப் போகுமோ அவர்களுக்கே சொத்துப் போகும் என்றும் சொல்கிறது. அதாவது, நாகர்கோவிலில் நீதிமன்றப் பிரிவினை பெற்ற ஒரு கிறித்தவப் பெண் வீடு வாங்கி உயிலின்றி இறந்தால், பிரிந்த கணவன் அதில் கைவைக்க முடியாது. பக்கத்துத் தெருவில் அதே பிரிவினையை இந்து மணச் சட்டத்தின் 10ஆம் பிரிவில் பெற்ற பெண்ணுக்கு அந்தக் காப்பு இல்லை. சேர்ந்து வாழ வேண்டிய கடமை நீங்குகிறது என்று மட்டும்தான் அந்தப் பிரிவு சொல்கிறது. சொத்தைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. 1955இலும் 1956இலும் இந்துச் சட்டத்தைத் தொகுத்தவர்கள் முன் 1869ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. அதிலிருந்து இந்த ஏற்பாட்டை எடுத்துக்கொள்ளாமல் விட்டது பெரும் பிழை என்றே நான் கருதுகிறேன். இங்கிலாந்திலோ 1973ஆம் ஆண்டுச் சட்டத்தில் இந்தக் காப்பு கணவன், மனைவி இருவருக்கும் பொது.

வருமான வரித்துறைக்குக்கூடப் பிரிவு என்றால் என்ன என்று தெரிந்திருந்தது. மனைவி பெயருக்குச் சொத்தை மாற்றினால் அதன் வருமானத்தைக் கணவன் கணக்கிலேயே சேர்த்த 1961ஆம் ஆண்டு வரிச் சட்டம், பிரிந்து வாழ்வதற்கான உடன்பாட்டின்பேரில் மாற்றினால் சேர்க்காது என்று விலக்குத் தந்தது. வரி வாங்கும்போது தெரிகிற பிரிவு, வாரிசு பார்க்கும்போது தெரியவில்லை.

மற்ற இடங்களையும் ஒரு பார்வை பார்க்கலாம். கோவாவில் இன்றும் நடைமுறையில் உள்ள போர்ச்சுகீசிய வழிக் குடும்பச் சட்டத்தில், வேறு ஒப்பந்தம் செய்யாதவரை, மணமானவர்களின் சொத்து இருவருக்கும் பொது. ஒருவர் வாங்கிய வீட்டை விற்க மற்றவர் கையெழுத்தும் வேண்டும். தமிழர் பலர் குடியேறியுள்ள கலிபோர்னியாவிலும் மணவாழ்க்கையில் தேடியது பொதுச் சொத்துதான். ஆனால் பிரிந்த நாளுக்குப் பிறகு சம்பாதித்தது அவரவருக்கே. ஒரே கூரையின்கீழ் இருந்தால் பிரிந்ததாகாது என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2015இல் சொன்னபோது, மணவாழ்க்கையை முடித்துக்கொள்ளும் எண்ணம் சொல்லிலும் நடத்தையிலும் தெரிந்தால் போதும் என்று சட்டமன்றம் 2017 முதல் மாற்றி எழுதியது. யாழ்ப்பாணத் தமிழருக்குரிய தேசவழமையில், மணவாழ்வு நீடிக்கும் காலத்தில் விலைகொடுத்துத் தேடியது தேடிய தேட்டம். ஒருவர் இறந்தால் மற்றவருக்கு அதில் பங்கு உண்டு. மனைவி தன் சொந்த நிலத்தை விற்கவே கணவனின் எழுத்துமூல ஒப்புதல் வேண்டும் என்கிறது 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். இன்றைய கண்ணுக்கு இது கடுமையான கட்டுப்பாடு. ஆயினும் கணவன் கைவிட்டாலோ, இருவரும் இசைந்து பிரிந்திருந்தாலோ, மாவட்ட நீதிமன்றம் அந்த ஒப்புதலின் இடத்தில் நின்று அனுமதி தரலாம் என்று அதே சட்டம் வழிசெய்கிறது. 'பிரிந்திருக்கும் மனைவி' என்று ஒருத்தி இருக்கிறாள் என்பதையாவது அந்தச் சட்டம் கண்டுகொண்டது.

மணச் சொத்தைப் பொதுவாக்க வேண்டும் என்ற கோரிக்கை இங்கேயும் எழுந்தது. மீட்க முடியாமல் முறிந்த மணத்துக்கு விவாகரத்து அளிப்பதோடு, கணவனின் அசையாச் சொத்தில் மனைவிக்குப் பங்கும் தரும் திருத்த மசோதா 2013 ஆகஸ்டில் மாநிலங்களவையில் நிறைவேறியது. 2014இல் மக்களவை கலைந்தபோது காலாவதியானது. நாடாளுமன்றம் விட்ட இடத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு பகுதி நிரப்பியது. வெளிநாட்டில் உழைத்துப் பணம் அனுப்பிய கணவனுக்கும் ஊரில் குடும்பத்தைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் இடையிலான வழக்கில், 2023 ஜூன் 21 அன்று நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, இல்லத்தரசியின் உழைப்பும் சொத்துச் சேர்ப்பில் பங்களிப்பே என்று கூறி மனைவிக்குச் சம பங்கு அளித்தார். இந்தத் தீர்ப்பை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் இந்த வழி பரவப் பரவ, பிரிந்த நாள் எது என்ற கேள்விக்கும் விடை தேவைப்படும். சேர்ந்து வாழ்ந்தபோது தேடியதில் இருவருக்கும் பங்கு என்பது நியாயம். விலகிப் போனபின் ஒருவர் தனியே கடன்பட்டுக் கட்டிய வீட்டிலும் மற்றவருக்குப் பங்கு என்றால் அது நியாயமாகாது. பொதுச் சொத்துரிமையை எழுதும் சட்டம் பிரிந்த தேதியையும் சேர்த்தே எழுத வேண்டும்.

வாரிசுரிமையில் செய்ய வேண்டியது இன்னும் சிறிது. நீதிமன்றப் பிரிவினை பெற்றவரும், விவாகரத்து மனு நிலுவையில் இருக்கும்போது இறந்தவரும், பிரிந்த பின் தேடிய சொத்து, அடுத்தவர் முன்பே இறந்துவிட்டார் என்று கொண்டே சேர வேண்டியவர்களுக்குச் சேரும் என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் ஒரு பிரிவு போதும். 1869ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து சொற்களையே எடுத்துக்கொள்ளலாம். பெண்ணின் தாய் தந்தையரைக் கணவனின் வாரிசுகளுக்குப் பின்னால் நிறுத்தும் 15ஆம் பிரிவின் வரிசையையும் அதோடு மாற்றிவிட வேண்டும்.

அதுவரை பிரிந்து வாழும் இந்து ஒருவர் கையில் இருக்கும் காப்பு உயில் ஒன்றுதான். தன் சொந்தச் சம்பாத்தியத்தை யாருக்கு வேண்டுமானாலும் எழுதிவைக்க இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு முழு உரிமை தருகிறது. முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை, செய்துவைத்தால் நல்லது. எழுதியவர் கையெழுத்தும், அதை நேரில் கண்ட இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் வேண்டும். சொத்து யாருக்குப் போகிறதோ அவரையே சாட்சியாக வைக்க வேண்டாம். கடன் காப்பீட்டிலும் வங்கிக் கணக்கிலும் பிரிந்தவர் பெயர் இன்னும் நாமினியாக நிற்கிறதா என்று பாருங்கள். அதோடு, வங்கிக் கணக்கில் நாமினியாக அம்மா பெயரைப் போட்டுவிட்டால் போதும் என்றும் இருந்துவிடாதீர்கள். நாமினி பொதுவாகப் பணத்தைப் பெற்றுக்கொள்பவரே தவிர வாரிசு அல்லர் என்று உச்ச நீதிமன்றம் 1984இலிருந்து சொல்லி வருகிறது. இஸ்லாமியர்களுக்கு உயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செல்லாது என்பதால், அவர்கள் உயிரோடிருக்கும்போதே ஹிபா (கொடை) செய்வது பற்றி ஆலோசனை கேட்க வேண்டும்.

தீர்ப்புக்கு முன் வீடு வாங்கப் போகிறவர்கள் வில்லங்கச் சான்று பார்க்கிறார்கள், தாய்ப்பத்திரம் பார்க்கிறார்கள், பட்டா பார்க்கிறார்கள். அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே: கிரையப் பத்திரம் பதிவாகும் அதே நாளில் உயிலையும் எழுதிவிடுங்கள்.